ஆறு நிமிடம் பிந்திய கடிகாரமும் வீட்டு ஹீட்டரும்

2018 மார்ச்சில் ஐரோப்பாவின் பல நாடுகளில் ஓவனிலும் அலார ரேடியோவிலும் இருந்த கடிகாரங்கள் சொல்லிவைத்தாற்போல ஆறு நிமிடம் பின்தங்கி ஓடின. கைக்கடிகாரம் சரி, போன் சரி, பிளக்கில் செருகியவை மட்டும்தான் தப்பு. அந்த வகைக் கடிகாரம் நேரத்தைத் தானாகக் கணக்கிடாது. கம்பியில் வரும் மின்னோட்டம் 50 முறை அலையடித்தால் ஒரு நொடி ஆயிற்று என்று எண்ணிக்கொள்ளும். செர்பியா, கொசோவோ பகுதியில் நடந்த ஒரு தகராறில், கிரிட்டுக்கு, அதாவது அந்த நாடுகளையெல்லாம் இணைக்கும் மின்கம்பி வலைக்கு, வர வேண்டிய மின்சாரம் சில வாரங்கள் முழுதாக வரவில்லை. அதனால் அலை 50-க்குப் பதில் சராசரியாக 49.996 ஆகக் குறைந்தது. அவ்வளவுதான். அந்தத் துளியூண்டு வித்தியாசம் ஜனவரி நடுவிலிருந்து சேர்ந்து சேர்ந்து ஆறு நிமிடமாகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மின்சாரத்தை நம்மில் பலர் குளத்துத் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம், எங்கோ தேங்கிக் கிடக்கிறது, வேண்டும்போது மொண்டுகொள்ளலாம் என்று. பேட்டரியிலும் அணைகளிலும் கொஞ்சம் சேமிக்கலாம்தான், ஆனால் கிரிட்டின் கம்பிகளில் எதுவும் தேங்குவதில்லை. இந்த நொடி எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு இந்த நொடியே உள்ளே வந்தாக வேண்டும். நீங்கள் ஸ்விட்சைப் போட்டதும் எங்கோ ஒரு டர்பைனுக்குச் சுமை கூடி மயிரிழை அளவு வேகம் குறைகிறது, உடனே அங்கே இன்னும் கொஞ்சம் நீராவி திறந்துவிடப்படுகிறது. ஆகவே எத்தனை யூனிட் செலவழித்தோம் என்பதோடு எந்த நேரத்தில் என்பதும் முக்கியம், இதை யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை.

நண்பகலில் சோலார் மின்சாரம் பல ஊர்களில் மிஞ்சிப்போய், பேனல்களைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள் என்று கேட்கும் நிலைகூட வருகிறது. பொழுது சாய்ந்ததும் கதை தலைகீழ். எல்லோரும் வீடு திரும்பி விளக்கு, அடுப்பு, ஏசி என்று ஒரே நேரத்தில் போட, நிலக்கரியும் எரிவாயுவும் எரியும் நிலையங்கள் முடுக்கிவிடப்படுகின்றன. கலிஃபோர்னியாவின் கிரிட் நிர்வாகம் 2013-இல் சோலாரும் காற்றும் தருவது போக மிஞ்சும் மின்தேவையை வரைபடமாகப் போட்டபோது மதியம் தொங்கும் வயிறும் மாலையில் நிமிரும் கழுத்துமாக வாத்து போலவே இருந்தது, அதனால் பெயரும் வாத்து வளைவு என்றே நிலைத்துவிட்டது. (காற்றாலை மிகுந்த நாடுகளில் இந்தக் கணக்கு மாறும், சில இரவுகளே அங்கே மிகச் சுத்தமான நேரம்.)

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? ஹீட்டர் இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 4.65 யூனிட் ஆகும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று 500 மணி நேரத்துக்கு மேல் எரியும். விளக்கை அணை, விளக்கை அணை என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. நல்ல உறை போட்ட தொட்டியில் மதியம் காய்ந்த தண்ணீர் இரவு வரை சூடாகவே இருக்கும் என்பதால், ஹீட்டருக்கு ஒரு டைமர் மாட்டி அதை மதியத்துக்குத் தள்ளிவிட்டால் அதுவே ஒரு பேட்டரி, லித்தியம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நியூசிலாந்தில் பல பத்தாண்டுகளாகவே, நெருக்கடி நேரத்தில் மின்கம்பி வழியாகவே ஒரு சிக்னல் அனுப்பி வீட்டு ஹீட்டர்களைச் சற்று நேரம் நிறுத்திவைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அனல்மின் நிலையங்களுக்கு இரவில் வேலை கொடுப்பதற்காகவே ஹீட்டர்களை நள்ளிரவில் ஓடவிட்டார்கள். இப்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக் கூரையில் பேனல் வந்துவிட, அதையே பகலுக்கு மாற்றிக்கொண்டு வருகிறார்கள். குளிப்பவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

மின்சாரக் காருக்கும் இதே தந்திரம் பொருந்தும், அது நாளில் பெரும்பாலும் சும்மாதானே நிற்கிறது.

அடுத்தது, பழைய பொருள் பழுதாகும் தருணம். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால்பங்கு அளவுதான் சக்கரத்துக்குப் போகிறது, மீதி வெப்பமாக வீண். மின்சாரக் காரில் பேட்டரியில் உள்ளதில் முக்கால்பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போய்விடும். ஹீட்டருக்குப் பதிலாக வைக்கக்கூடிய ஹீட் பம்ப் என்ற கருவி வெப்பத்தை உண்டாக்காமல் வெளிக்காற்றிலிருந்து இழுத்து வருவதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். எல்லாம் சரிதான், ஆனால் ஒரு நாள் காலையில் ஹீட்டர் திடீரென்று படுத்துவிட்டால் யார் ஆராய்ச்சி செய்கிறார்கள், முன்பிருந்ததையே வாங்கி மாட்டுவோம், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அதே கதிதான். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்து எதை வாங்குவது என்று பார்த்துவைப்பது நல்லது.

இப்படிப்பட்ட புதுப் பொருளை முதலில் வாங்குபவர் கூடுதல் விலை கொடுத்து ஏமாறுகிறார் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் உலகில் அதுவரை தயாரான சோலார் பேனல்களின் மொத்த அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துவந்திருக்கிறது. ஜெர்மனி 2000-இல் கொண்டுவந்த சட்டம், சோலார் மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை தருவதாக உறுதியளித்தது. அதை நம்பி விவசாயிகளும் வீட்டுக்காரர்களும் அன்று கொடுத்த விலைக்கும், அதைத் தங்கள் மின்கட்டணத்தில் சுமந்தவர்களுக்கும், இன்றைய மலிவு விலையில் பெரிய பங்குண்டு.

சொந்தக் கூரை இல்லாதவர்கள்? டென்மார்க்கில் சாம்சோ என்றொரு தீவு, 4000 பேர்கூட இல்லை. எண்ணெயும் கடலடிக் கம்பி வழியே வந்த நிலக்கரி மின்சாரமும்தான் முன்பு அவர்களுக்கு. 1997-இல் அரசு நடத்திய போட்டியில் வென்று, பத்தாண்டுகளுக்குள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுவதென்று இறங்கினார்கள். நிலத்தில் 11 காற்றாலை, கடலில் 10. கம்பெனி வந்து நட்டால் சத்தம், நிழல், காட்சி கெடுகிறது என்று சண்டை வரும் இல்லையா, இங்கே நிலத்தில் உள்ளவற்றில் 9 விவசாயிகளுடையது, மீதி இரண்டு ஊர்க்காரர்கள் பங்கு போட்டு வாங்கியது. காற்று பலமாக அடிக்கும் நாளில் அது யார் கணக்கில் வரவாகிறது என்று அவர்களுக்கே தெரியும்.