"நேத்து ராத்திரி வரை நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்"

பூனைக் கூடையை மேசைமேல் வைத்ததும் பெரும்பாலானோர் சொல்லும் முதல் வாக்கியம் இது. பொய் சொல்லவில்லை, அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். நாய்க்கு முடியவில்லை என்றால் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். பூனை நோவை வெளியே காட்டாது. கட்டிலுக்கு அடியிலோ பீரோ இடுக்கிலோ போய் முடங்கிக்கொள்ளும். நமக்குத் தெரியவரும் நேரம்தான் திடீர், நோய் அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

"என்ன நோய்?" என்று கேட்டால் முதல் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் எங்களிடம் பதில் இருக்காது. மூச்சு, இதயத் துடிப்பு, உடல் சூடு, ஈறின் நிறம் இவற்றைத்தான் முதலில் பார்ப்போம். என்னவென்றே சொல்லாமல் ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள் என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. உயிரைப் பிடித்துவைத்துவிட்டுத்தான் நோய்க்குப் பெயர் தேட முடியும். அந்தத் தேடலில் பாதி, வீட்டில் நீங்கள் பார்த்ததில்தான் இருக்கிறது.

ஓர் அம்மா தன் கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். "ரெண்டு நாளா முக்குது, ஒண்ணும் வரல. மலச்சிக்கல்னு விளக்கெண்ணெய் குடுத்தேன்" என்றார். மூத்திரம் போனதா என்று கேட்டால் தெரியவில்லை. அடிவயிற்றில் கை வைத்தேன். மூத்திரப்பை டென்னிஸ் பந்து அளவுக்கு உப்பி, கெட்டியாக இருந்தது. தொட்டதும் பூனை அலறியது. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது. பொடிப்பொடியான உப்புப் படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்தபின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் மெதுவாகும். முழு அடைப்பு என்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். மயக்கம் கொடுத்து, கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டு அடைப்பை எடுத்தோம், பூனை பிழைத்தது. ஆண் பூனை அடிக்கடி லிட்டர் ட்ரேயில் (கழிவுக்கு வைக்கும் மணல் தட்டில்) போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் போகாமல் எழுந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவு இரண்டு மணி என்றாலும் கிளம்புங்கள்.

அடுத்தது பாராசிட்டமால். உடம்பு சுடுகிறதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரையில் பாதியை உடைத்துப் பாலில் கலந்து கொடுத்துவிடுகிறார்கள். பூனையின் உடல் சாதாரணமாகவே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், நம் கைக்குச் சூடாகத்தான் படும். இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. அதனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நஞ்சு முறிவு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. ஆனால் மாத்திரை கொடுத்ததை நீங்கள் சொல்ல வேண்டும். பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். திட்ட மாட்டோம். (மனசுக்குள் திட்டுவோம், அது வேறு.)

நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து, பூங்கொத்தில் வரும் லில்லிப் பூ, தரை துடைக்கும் ஃபினாயில் இவையும் பூனைக்கு நஞ்சு. ஃபினாயில் ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே ஆபத்துதான். வாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் மாட்டியிருந்தால் குடல் கிழியும். பின்னங்கால்கள் இரண்டும் சட்டென்று விழுந்து, சில்லிட்டு, பூனை கதறினால் எங்கேயோ விழுந்து அடிபட்டது என்று நினைப்பார்கள். பல நேரம் அது இதய நோயால் உருவான ரத்தக் கட்டி, கால்களுக்குப் போகும் ரத்தத்தை அடைத்திருப்பது.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனைக்குப் பாலோ தண்ணீரோ ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு விட்டால் அன்றே காட்டுங்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கும் குண்டுப் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, பட்டினியே இன்னொரு நோயாகிவிடும். வரும்போது வலிப்பையோ முக்குவதையோ செல்போனில் வீடியோ எடுத்து வாருங்கள். வாந்தியை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்க மாட்டோம்.

எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணம் பிடிபடாத பூனைகள் உண்டு. பணமும் கரைந்துகொண்டிருக்கும். அப்போது மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "இந்த டெஸ்ட் ரிசல்ட் வந்தா சிகிச்சை மாறுமா?" மாறாது என்றால் அந்தப் பணத்தை ட்ரிப்ஸுக்கும் வலி மருந்துக்கும் வைத்துக்கொள்ளலாம். இப்படிக் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும் மருத்துவரைவிட, பதில் சொல்லும் மருத்துவர் நல்லவர்.

காரணம் தெரியாமலே இறந்துவிட்டால் பலரும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் பிரேதப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டுப்பாருங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அதற்கான துறை இருக்கிறது. மனசு கேட்காதுதான். ஆனால் இறந்தது பூனைப் பார்வோ என்ற தொற்று வைரஸால் என்றால் அந்தக் கிருமி வீட்டில் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். ஃபினாயிலை நம்ப வேண்டாம், ப்ளீச்சிங் கரைசல்தான் அதைக் கொல்லும். அழுகிற பிள்ளைகளுக்காக மறுவாரமே புதுக் குட்டி வாங்கி வராதீர்கள். பதினாறு வாரம் தாண்டி, தடுப்பூசி வரிசை முழுவதும் முடிந்த பூனையாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.