சாக்கடைக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்?

கண்ணாடிக் கூரை வேய்ந்த ஒரு கூடம். உள்ளே வரிசையாகத் தொட்டிகள், அவற்றின் மேல் அடர்ந்த செடிகள். முதல் பார்வைக்கு நாற்றுப்பண்ணை போலத்தான் தெரியும். ஆனால் அந்தச் செடிகளின் வேர்கள் தொங்குவது ஊரார் வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் ஃபிண்ட்ஹார்ன் என்ற சூழல் கிராமம், அதாவது இயற்கைக்குச் சுமையாகாமல் கூடி வாழ முயலும் ஒரு குடியிருப்பு, 1995இல் இதை அமைத்தது. உயிரியலாளர் ஜான் டாட் உருவாக்கிய இந்த முறைக்கு 'உயிருள்ள இயந்திரம்' என்று பெயர்.

பெயருக்கேற்ப, வேலை முழுவதையும் உயிர்களே செய்கின்றன. கழிவுநீர் முதலில் காற்றுப்புகாத தொட்டிகளுக்குப் போகிறது. ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் அங்கே திடக்கழிவைச் சிதைக்கின்றன. அடுத்து, காற்று ஊதப்படும் தொட்டிகள். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அந்த நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். ஆக்சிஜன் குறைந்த இடங்களில் மூன்றாவது வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். செடிகள் சத்துகளை உறிஞ்சுவது உண்மைதான். அதைவிடப் பெரிய உதவி, அவற்றின் வேர்க்கற்றைகள் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்குக் குடியிருக்க இடம் தருவது.

இதில் அம்மோனியாவை நைட்ரேட் வரை கொண்டுபோகும் முதல் இரு வகை பாக்டீரியாக்களும் மிக மெதுவாகப் பெருகுபவை. நல்ல சூழலில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடங்களில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடப் பிடிக்கும். யாராவது வாளி வாளியாக வெளுப்பான் திரவத்தைக் கொட்டினால், செத்த கூட்டம் மீண்டும் தழைக்க நாட்கள் ஆகும். அதற்குள் வெளியேறும் நீரில் அம்மோனியா கூடிவிடும். கொட்டியவரும் அந்த நீரின் அருகில் வாழ்பவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்றால், அடுத்த முறை கை தானாகத் தயங்கும்.

சமூக நிறுவனங்கள், அதாவது ஒரு சமூகத் தேவையைத் தீர்ப்பதற்காகவே வியாபாரம் செய்யும் அமைப்புகள், சூழல் கிராமங்களிடம் கற்க வேண்டியது இந்தக் குறுகிய தூரத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். முடிவெடுப்பவருக்கும் அதன் விளைவுக்கும் நடுவே உள்ள தூரம் அது. சூரியத் தகடும் மண்வீடும் பணம் இருந்தால் யாரும் வாங்கக்கூடியவை. இந்தத் தூரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, அமைப்பின் வடிவத்திலேயே அதை வைத்துக் கட்ட வேண்டும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1997இல் தொடங்கிய டான்சிங் ராபிட் கிராமத்தில் யாரும் சொந்தக் கார் வைத்துக்கொள்வதில்லை. சில கார்களை ஒரு கூட்டுறவு பராமரிக்கிறது, ஓட்டிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். சொந்தக் காரின் விலையும் காப்பீடும் முன்பே செலவாகிவிடுவதால், இன்றைய பயணத்துக்குப் பெட்ரோல் மட்டுமே செலவு என்று மனம் கணக்கிடுகிறது. கூட்டுறவுக் காரிலோ தேய்மானம், பழுது, காப்பீடு எல்லாம் அந்த ஒவ்வொரு மைலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. மறைந்திருந்த செலவு கண்ணில் பட்டதும், அவசியமில்லாத பயணத்தை யாரும் அறிவுரை சொல்லாமலே கைவிட முடிகிறது.

2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்வளம் போன்ற பொது வளங்களை நெடுங்காலம் காத்த சமூகங்களை ஆராய்ந்தார். விதிகளால் பாதிக்கப்படுபவர்களுக்கே அவற்றை மாற்றுவதில் பங்கு இருந்தது; கண்காணித்தவர்கள் பயனாளர்களாகவோ, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாகவோ இருந்தார்கள். தூரத்தைக் குறைப்பது வெறும் நல்லெண்ணம் அல்ல, வேலை செய்யும் ஏற்பாடு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சூழல் கிராமங்களின் சறுக்கலிலும் பாடம் இருக்கிறது. 2006இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, ஃபிண்ட்ஹார்ன்வாசிகளின் சூழலியல் தடம், அதாவது அவர்கள் வாழ்க்கைமுறை இயற்கை வளங்களின் மேல் ஏற்றும் சுமை, பிரிட்டிஷ் சராசரியில் ஏறக்குறைய பாதிதான் என்று காட்டியது. ஆனால் அங்கே பயிற்சி வகுப்புகள் நடத்திவந்த அறக்கட்டளை, பணநெருக்கடியால் 2023இல் அவற்றை நிறுத்த நேர்ந்தது. வெளியூர் விருந்தினரை நம்பிய வருமானம் அது. கிராமம் கலைந்துவிடவில்லை, அங்கே தனித்தனியாக இயங்கிய அமைப்புகளும் குடியிருப்புகளும் தொடர்ந்தன. பல பாக்டீரியா இனங்கள் வாழும் தொட்டியும் இப்படித்தான், ஓர் இனம் சரிந்தாலும் முழுவதும் நாறிப்போகாது. ஒரே நன்கொடையாளரை நம்பி நடக்கும் நிறுவனம் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

சூரிய விளக்கு விற்கும் ஒரு சமூக நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டறிக்கையில் விற்ற விளக்குகளின் எண்ணிக்கை இருக்கும். சில ஆண்டுகளில் மின்கலம் செத்து, வீட்டு மூலையில் கிடக்கும் விளக்குகளின் எண்ணிக்கை இருக்காது. அந்த நிறுவனம் பழைய விளக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழுதுபார்க்கும் மேசையை வடிவமைப்பாளரின் மேசைக்குப் பக்கத்திலேயே போடட்டும். மூடியைத் திறக்கும்போது, மின்கலம் பசையால் ஒட்டப்பட்டிருப்பதும் அதைப் பெயர்க்க முயன்றால் உறையே உடைவதும் தெரியும். பசைக்குப் பதில் இரண்டு திருகாணி போட்டிருக்கலாம் என்பதை, பசையைத் தேர்ந்தெடுத்தவரே அங்கே நின்று பார்ப்பார்.