லட் பத்தலன்னு பெரிய போர்டு வாங்க போறீங்களா?

நம்ம திருநெல்வேலி பக்கம் ஃபைனல் இயர் பசங்க எஃப்பிஜிஏ (நாம எழுதுத டிசைனுக்கு ஏத்தமாதிரி உள்ளுக்குள்ள சர்க்யூட்ட மாத்திக்கிடுத சிப்) ப்ராஜெக்ட்ட தூக்கிட்டு வாரப்போ பாதி பேரு சொல்லுதது ஒண்ணுதான், "அண்ணாச்சி, டிசைன் சிப்புக்குள்ள அடங்கல, பெரிய போர்டு வாங்கணும் போல". எம்புட்டுடே இருக்கு, எங்க போகுதுன்னு கேட்டா முழிப்பானுவ. பேசிஸ் 3ன்னு ஒரு எஃப்பிஜிஏ போர்டு, அதுல இருக்க ஆர்டிக்ஸ் 35டி சிப்புல 20,800 லட் (லாஜிக் கட்டுத குட்டி அட்டவணை), 41,600 ஃப்ளிப்ஃப்ளாப் (ஒரு பிட்ட வச்சிக்கிடுதது), 90 டிஎஸ்பி (பெருக்கலுக்குன்னே இருக்க பிளாக்), அது போக 1,800 கிலோபிட் பிளாக் ராம் (ரெடிமேட் மெமரி) கெடக்கு. மொதல்ல டிசைன சிப்புக்கு ஏத்தமாதிரி மாத்தி குடுக்க டூல் விவாடோவுல யூட்டிலைசேஷன் ரிப்போர்ட்ட மாட்யூல் வாரியா எடுத்து பாருங்க, தின்னுதவன் யாருன்னு அதுலயே தெரிஞ்சிரும்.

நான் மொதல்ல பாக்கது ரீசெட்ட தான். 16 பிட்டு வீதம் 4096 எடம் இருக்க மெமரி ஒண்ணு எழுதிட்டு, ரீசெட் வந்தா எல்லாத்தயும் ஜீரோ ஆக்குன்னு ஒரு ஃபார் லூப் போட்டிருப்பான். பிளாக் ராமுக்கு அப்படி மொத்தமா அழிக்க வழியே கெடயாது, அதனால டூல் அத 65,536 ஃப்ளிப்ஃப்ளாப்பா கட்ட பாக்கும், இருக்கது 41,600, பொறவு எங்க அடங்கும்? அந்த லூப்ப தூக்கிட்டு, மெமரிய படிக்கத கிளாக் எட்ஜ்ல வச்சா 2 பிளாக் ராம்ல முடிஞ்சிரும். கிளாக்குக்கு ஒரு படியா டேட்டாவ தள்ளிட்டு போற ஷிப்ட் ரெஜிஸ்டரும் இதே கததான், 16 பிட்டு 32 ஸ்டேஜ் டிலேன்னா ரீசெட்டோட 512 ஃப்ளிப்ஃப்ளாப், ரீசெட் இல்லன்னா 16 லட் போதும். எல்லா ரெஜிஸ்டருக்கும் ரீசெட் வைக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தாவளோ.

அடுத்தது பெருக்கல். பணகுடி, வள்ளியூர் பக்கம் காத்தாடி கியர்பாக்ஸுல வைப்ரேஷன் பாக்கணும்னு வச்சிக்கிடுங்க, 4 சென்சார், ஒவ்வொண்ணுக்கும் 64 டேப் ஃபில்டர், அதாவது ஒரு சாம்பிளுக்கு 64 பெருக்கல். அப்படியே விரிச்சி எழுதுனா 256 பெருக்கல், 90 டிஎஸ்பி எந்த மூலைக்கு. ஆனா சென்சார் செகண்டுக்கு 10,000 சாம்பிள் தான குடுக்கு, கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ்னா ஒரு சாம்பிளுக்கும் அடுத்த சாம்பிளுக்கும் நடுவுல 10,000 கிளாக் சும்மா கெடக்கு, ஒரே ஒரு டிஎஸ்பிய வச்சி 256 பெருக்கலயும் வரிசையா முடிச்சிட்டு அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். வாய்க்கா தண்ணிய முறை வச்சி பாய்ச்சுதோம்லா, அந்த கணக்குதான். அந்த டிஎஸ்பிக்குள்ள இருக்க ரெஜிஸ்டருக்கு அசின்க்ரனஸ் ரீசெட் (கிளாக்குக்கு காத்திருக்காத ரீசெட்) ஆகாது, அத எழுதுனா ரெஜிஸ்டர் வெளிய வந்து எடத்த அடைச்சிக்கிடும்.

வகுத்தல் குறிய கண்டபடி போடாதீங்க. சராசரிக்கு 50 சாம்பிள் எடுக்கதுக்கு பதிலா 64 எடுத்தா வெறும் ஷிப்ட் (பிட்ட நகத்துதது) தான், கடைசில வகுக்க ஒரு லட்டும் செலவாகாது.

இன்னொண்ணு, யூசேஜ் திடீர்னு 2 பர்சன்ட்டுக்கு எறங்கிட்டுன்னா குதிக்காதீங்க. மாட்யூல் அவுட்புட் எந்த பின்னுக்கும் போய் சேரலன்னா டூல் அந்த லாஜிக்க மொத்தமா வெட்டி எறிஞ்சிரும், எரர்லாம் சொல்லாது, வார்னிங் கூட்டத்துக்குள்ள ஒரு வரி கெடக்கும், சிந்தஸிஸ் லாக்க (டூல் டிசைன சர்க்யூட்டா மாத்தும்போது எழுதி வைக்க குறிப்ப) தொறந்து எதெல்லாம் தூக்கியிருக்குன்னு ஒரு தடவ தேடி பாத்துருங்க.