தெரபி அறையில் வருகிறது, வீட்டில் ஏன் வரவில்லை?

மறுபடியும் அதே கதை. எட்டு வயதுப் பையன், இரண்டு வருடமாக ஆக்குபேஷனல் தெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். பெற்றோர் கொண்டுவந்த ஃபைல் தடிமனாக இருந்தது. தெரபி புட்டி என்ற களிமண் மாதிரிப் பொருளைப் பிசைகிறான், மணி கோர்க்கிறான், ஊஞ்சலில் குப்புறப் படுத்துக்கொண்டு வளையங்களை எடுத்துக் குச்சியில் மாட்டுகிறான். எல்லாவற்றுக்கும் நேரே டிக் போட்டிருக்கிறது. "சட்டையை யார் போட்டுவிடுவீங்க?" என்று கேட்டேன். "நான்தான்" என்றார் அம்மா. சாப்பாடும் அவர்தான் ஊட்டுகிறார். குளியல், செருப்பு மாட்டுவது, பள்ளிப் பையை அடுக்குவது எல்லாமே அவர்தான். "கை கொஞ்சம் வீக்கா இருக்குன்னு சொன்னாங்க மேடம். பலம் வந்ததும் தானா செய்ய ஆரம்பிப்பான்னு இருக்கோம்."

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் சொல்லப்பட்டது அப்படி. ஆனால் இதே பதிலோடு வரும் குடும்பங்கள் குறைந்தபாடில்லை. குழந்தைகளுக்கோ வயது ஏறிக்கொண்டே போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓ.டி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த ஆக்குபேஷனல் தெரபி எதற்கு? குழந்தை தன் வயதுக்குரிய அன்றாட வேலைகளைத் தானே செய்வதற்கு. உடை போடுவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போய் வருவது, எழுதுவது, மற்ற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுவது, இவைதான் இலக்கு. ஆட்டிசம், பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி), டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் எங்களிடம் வருவது பலருக்குத் தெரியும். யாருமே கவனிக்காத இன்னொரு கூட்டமும் உண்டு. உடலிலும் அறிவிலும் வெளிப்படையாக எந்தக் குறையும் தெரியாது. ஆனால் தண்ணீரைக் கொட்டுவார்கள், ஷூ லேஸ் கட்ட வராது, பந்தைப் பிடிக்க வராது, நோட்டில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று இதற்குப் பெயர், டி.சி.டி. என்று சுருக்கிச் சொல்வோம். 5 முதல் 11 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருக்கிறது. வகுப்புக்கு ஒரு குழந்தையாவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்கு வகுப்பில் கிடைக்கும் பெயர் சோம்பேறி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "முதலில் பலம் வரட்டும், அப்புறம் திறமை தானாக வரும்" என்ற நம்பிக்கை இருக்கிறதே, அது தவறு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

ஒரு பட்டனைப் போடுவதற்கு என்னவெல்லாம் தேவை என்று பாருங்கள். ஒரு கை துளை இருக்கும் பக்கத்துத் துணியை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். இன்னொரு கை பட்டனைச் சாய்த்துத் துளைக்குள் தள்ள வேண்டும். பாதி நுழைந்ததும் துணியைப் பிடித்திருந்த கை அதை விட்டுவிட்டுப் பட்டனின் மறுபக்கத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்து, நடுவில் வேலையை மாற்றிக்கொள்கின்றன. கண் அதைத் தொடர வேண்டும், அடுத்து எது என்ற வரிசை நினைவில் இருக்க வேண்டும், முதல் தடவை நழுவினால் எரிச்சல்படாமல் மறுபடி முயல வேண்டும். இதில் விரல் பலத்தின் பங்கு எவ்வளவு? மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பலம் பெரும்பாலான குழந்தைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரிமோட்டைப் பிடுங்கிப் பாருங்கள், தெரியும். இல்லாதது, பட்டன் போட்ட அனுபவம். கால்களை எவ்வளவு முறுக்கேற்றினாலும் சைக்கிளில் ஏறாமல் சைக்கிள் ஓட்ட வராது.

"பட்டன் போர்டில் (பழகுவதற்காகத் துணியும் பட்டனும் பொருத்திய பலகை) நன்றாகப் போடுகிறானே" என்பார்கள். பட்டன் போர்டு மேசையில் கிடக்கிறது, கண்ணுக்கு நேராக, துணி இழுபடாமல். அவனுடைய சட்டை அவன் உடம்பில் இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும், கழுத்தருகே உள்ள பட்டன் கண்ணுக்கே தெரியாது, கோணம் தலைகீழ். மூளையைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு வேலைகள். ஆட்டிசமோ அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடோ உள்ள குழந்தைகளுக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இன்னும் கடினம். தெரபி அறையில் வருவது வீட்டில் வராமல் போவதற்கு இதுதான் காரணம். அவன் பிடிவாதம் பிடிப்பதாக நினைத்துத் திட்டாதீர்கள்.

பெருமூளை வாதம், தசை நோய்கள் போன்றவற்றில் தசையின் நிலையைத் தனியாகக் கவனிக்கத்தான் வேண்டும். அங்கேயும் பயிற்சி நிஜ வேலையில்தான் நடக்கிறது. ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நல்ல கையைச் சில மணி நேரம் கட்டுப்படுத்தி, பாதிக்கப்பட்ட கையாலேயே விளையாடவும் சாப்பிடவும் வைக்கிற முறைக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. இரண்டு கையையும் சேர்த்துச் செய்யும் வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் முறைக்கும் இருக்கிறது.

புலன் உணர்வுகளைப் பற்றியும் பேசிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். ஜீன் ஏர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1972இல் புலன் ஒருங்கிணைப்பைப் பற்றி, அதாவது தொடுதல், அசைவு போன்ற உணர்வுகளை மூளை ஒழுங்குபடுத்துவதைப் பற்றி, எழுதிய நூல் எங்கள் துறையையே மாற்றியது. சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் உறுத்துவதால் ஒரு குழந்தை உடை போட மறுக்கலாம் என்று எங்களை யோசிக்க வைத்தவர் அவர். அதற்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். ஆனால் ஊஞ்சல் ஆடினால் உடை போட வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் பலவீனமானது. ஊஞ்சல் போன்றவற்றைப் பயன்படுத்தும் இந்தப் புலன்சார் தெரபிகளுக்கான ஆய்வு ஆதாரம் குறைவு, முடிவானதும் அல்ல. அதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இலேயே அறிவுறுத்தியது. பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 138 குழந்தைகளைக் கொண்டு புலன் ஒருங்கிணைப்புத் தெரபியைப் பற்றி நடந்து 2022இல் வெளியான ஆய்விலும், வழக்கமான கவனிப்பைவிட நடத்தையிலோ அன்றாடத் திறன்களிலோ குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. உறுத்துகிற லேபிளை வெட்டிவிடுங்கள், மென்மையான துணியாகப் பாருங்கள், சத்தத்தைக் குறையுங்கள். செய்துவிட்டு நேராக வேலையைக் கற்றுக்கொடுங்கள். சக தெரபிஸ்டுகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்: செஷன் முழுவதும் ஊஞ்சலிலேயே போய்விட்டால், அந்தக் குழந்தையின் காலை நேரம் எப்போது மாறப்போகிறது?

அப்படியானால் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைக்குப் பேசத் தெரிந்தால் அவனையே கேளுங்கள். அவன் ஆசைப்படுகிற வேலையில் அவன் போடும் முயற்சியே வேறு. அந்த வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, கடைசிப் படியை மட்டும் அவனிடம் விடுங்கள். டி-ஷர்ட் என்றால் தலையை நுழைத்து, இரண்டு கையையும் விட்டு, நெஞ்சு வரை நீங்கள் இறக்கிவிடுங்கள். வயிற்றுக்குக் கீழே இழுத்துவிடுவது அவன் வேலை. சாக்ஸ் என்றால் குதிகாலைத் தாண்டும் வரை நீங்கள் மாட்டுங்கள், மிச்சத்தை அவன் இழுக்கட்டும். அது கைவந்ததும் கடைசி இரண்டு படிகள், அப்புறம் மூன்று. முதல் படியில் ஆரம்பித்தால் பாதியில் சிக்கிக்கொள்வான், நீங்கள் முடித்துவைப்பீர்கள். ஒவ்வொரு நாளும் தோல்வியில் முடியும். கடைசியில் ஆரம்பித்தால் முடித்தவன் அவன். இது எங்கள் துறையில் மிகப் பழைய உத்தி, இன்றும் இதைவிட எளிதாகப் பெற்றோருக்குச் சொல்லித்தர வேறொன்று என்னிடம் இல்லை.

கழற்றுவது போடுவதைவிடச் சுலபம். ஆகவே கழற்றுவதை முதலில் பழக்குங்கள். பட்டனில் கீழ்ப் பட்டனிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் மாறாமல் பொருந்தும். பெரிய பட்டன், ஒரு அளவு தளர்வான சட்டை, இடுப்பில் எலாஸ்டிக், கைப்பிடி தடித்த ஸ்பூன், இவையெல்லாம் ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து செய்யும் எந்த வேலைக்கும் பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருக்க வேண்டும். கழிப்பறைக்கும் இது பொருந்தும். கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தை பயத்தில் உடம்பை இறுக்கிக்கொள்ளும், வயிற்றைத் தளர்த்த முடியாது.

இப்போது நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் ஒன்று: தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். கையால் உதவுவதை நிறுத்திவிட்ட பெற்றோர்கூட வாயால் உதவிக்கொண்டே இருக்கிறார்கள். "சட்டையை எடு... கையை விடு... அந்தக் கை இல்ல, இந்தக் கை... இழு, இழு." இதுவும் உதவிதான். எல்லா உதவிகளிலும் விலக்கிக்கொள்ள மிகக் கடினமானது இதுதான். குழந்தை சட்டை போடக் கற்பதில்லை, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கக் கற்கிறது. நின்றுவிட்டானா? மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். அப்புறமும் நகரவில்லை என்றால் விரலால் காட்டுங்கள், அல்லது முழங்கையை லேசாகத் தொட்டுவிடுங்கள். படிகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினால் அதைப் பார்த்துத் தானே அடுத்ததற்குப் போவான்.

டி.சி.டி. உள்ள, ஓரளவு பேசவும் யோசிக்கவும் வருகிற குழந்தைகளுக்குக் கனடாவில் ஹெலீன் பொலடைக்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. இலக்கு, திட்டம், செய், சரிபார். எதைச் செய்ய வேண்டும் என்று குழந்தையே சொல்கிறது, எப்படிச் செய்வது என்று தானே திட்டமிடுகிறது, செய்கிறது, திட்டம் பலித்ததா என்று தானே பார்க்கிறது. பெரியவர் விடையைச் சொல்வதில்லை, "லேஸ் ஏன் அவிழ்ந்ததுன்னு நினைக்கிற?" என்ற மாதிரிக் கேள்வி மட்டும் கேட்கிறார். பொறுமையைச் சோதிக்கும், ஆனால் அப்படிக் கற்றது நிற்கிறது.

காலையில் பள்ளி வேன் வாசலில் நிற்கும்போது இதையெல்லாம் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். செய்யவும் வேண்டாம். அவசர நேரத்தில் நீங்களே போட்டுவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். மாலையில் சீருடை கழற்றும்போதும், இரவு உடை மாற்றும்போதும், விடுமுறை நாளிலும் பழக்குங்கள். அந்த நேரத்தில் தாத்தா பாட்டியோ அக்காவோ "பாவம், நான் போட்டுவிடறேன்" என்று வந்தால் தடுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்தால்தான் பலிக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை முக்கால் மணி நேரம் என்னிடம் இருக்கிறான், மிச்ச நேரமெல்லாம் உங்களிடம்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பல் தேய்ப்பதில் ஏழு வயது வரையாவது பெரியவர் மேற்பார்வையும் உதவியும் தேவை, எந்தக் குழந்தைக்கும். தண்ணீர், அடுப்பு, கத்தி இருக்கும் இடத்தில் பக்கத்திலேயே இருங்கள். வயதுக் கணக்கும் தெரிந்திருக்கட்டும்: ஒன்றரை வயதில் ஸ்பூனைப் பிடித்துப் பார்க்கும், மூன்று வயதில் தளர்வான உடையைப் போடும், நான்கில் சில பட்டன்களைக் கழற்றும், ஐந்தில் சிலவற்றைப் போடும், லேஸ் கட்டுவது ஆறு வயதை ஒட்டி வரும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றரை வயதுக் குழந்தையை "எழுத மாட்டேங்கிறான்" என்று கூட்டிவராதீர்கள். வட்டத்தைப் பார்த்து வரைவது சுமார் மூன்று வயதில், கூட்டல் குறி நான்கில், சதுரம் நான்கரையில், முக்கோணம் ஐந்துக்கு மேல். கோடே வராத கைக்கு எழுத்து எப்படி வரும்? பென்சில் பிடி கொஞ்சம் மாறியிருப்பதற்காகவும் அடிக்காதீர்கள். மூன்று விரல் பிடி, நான்கு விரல் பிடி, கட்டைவிரல் குறுக்காக வரும் பிடி என்று எதில் எழுதினாலும் வேகமும் தெளிவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கை வலிக்கிறதா, எழுத்து படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தெரபிஸ்டிடம் கேளுங்கள், தயங்காதீர்கள். "இந்த மூன்று மாதத்தில் என் குழந்தை வீட்டில் எதைத் தானே செய்யும்?" "இந்தப் பயிற்சிக்கும் அந்த வேலைக்கும் என்ன தொடர்பு?" "வீட்டில் நான் செய்ய வேண்டியதைக் காட்டுங்கள்." இவற்றுக்கு நேரான பதில் கிடைக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே விடாத இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

சில குழந்தைகள் விஷயத்தில் மட்டும் "வீட்டிலேயே பழக்கிப் பார்க்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. சாப்பிடும்போது அடிக்கடி இருமல், புரையேறுதல், மூச்சுத் திணறல் இருந்தால் சாப்பிடப் பழக்குவதற்கு முன் விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் குழந்தை மறந்துகொண்டே வந்தால், நடையோ பேச்சோ கைவேலையோ எதுவானாலும், தெரபிக்கு அல்ல, உடனே மருத்துவரிடம் போங்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை எப்போதும் ஒரே கையை நீட்டி, மறுகையை மடக்கியே வைத்திருந்தால் "இது இடதுகைக்காரப் பிள்ளை போல" என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் கைப்பழக்கம் வராது. அந்த வாரமே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.