ஓடுகிற ரயிலில் கரண்ட்டை நிறுத்துவது ஏன்?

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ஏ.சி. பெட்டியில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போதே ஏ.சி. இரைச்சல் சட்டென்று அடங்கும், சில நொடிகளில் திரும்ப வரும். கோளாறு ஒன்றும் இல்லை. லோகோ பைலட்தான் வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறார்.

கூடங்குளம் அணு உலையானாலும் பணகுடிக் காற்றாலையானாலும் கிரிட்டுக்கு அனுப்புவது மும்முனை மின்சாரம். ரயிலுக்கு மேலே போகும் கம்பியில் இருப்பதோ ஒருமுனை, 25 ஆயிரம் வோல்ட். எல்லா ரயில்வே துணைமின் நிலையங்களும் அந்த மூன்று முனைகளில் (ஃபேஸ்) ஒரே ஜோடியிலிருந்து இழுத்தால் சுமை ஒருபக்கமாகச் சாயும். வோல்டேஜ் சமன் கெட்டு, வயல்காட்டுப் பம்புசெட் மோட்டார்கள் சூடேறும். அதனால் சுமார் 50 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் இந்த நிலையங்கள் முறைவைத்து வேறு வேறு ஜோடியை எடுத்துக்கொள்கின்றன.

சரி, இரண்டு நிலையங்களின் கம்பி சந்திக்கும் இடத்தில் என்ன ஆகும்? இருபுறமும் 25 ஆயிரம் வோல்ட்தான். ஆனால் அலைகள் ஒத்துப்போகாது. இரண்டுக்கும் நடுவே 43 ஆயிரம் வோல்ட் வரை வித்தியாசம் வரலாம். தொட்டுக்கொண்டால் ஷார்ட் சர்க்யூட். எனவே நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டு வைக்கிறார்கள். நியூட்ரல் செக்‌ஷன் என்று பெயர். பல இடங்களில் அது சில மீட்டர் நீளம்தான். மின்காப்புக்கு டெஃப்லான், நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள். எஞ்சின் கூரையிலிருந்து நீண்டு கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃப் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆனால் எஞ்சின் கரண்ட் இழுத்துக்கொண்டே அங்கே நுழைந்தால் கம்பியை விட்டு விலகும்போது தீப்பொறி நீண்டு, மறுபுறத்தையும் தொட்டுவிடக்கூடும். கம்பியே உருகிப்போகலாம். அதற்காகத்தான் 500 மீட்டரிலும் 250 மீட்டரிலும் எச்சரிக்கைப் பலகைகள். அப்புறம் 'டிஜே ஓப்பன்' பலகை வந்ததும் லோகோ பைலட் எஞ்சினின் மெயின் பிரேக்கரை (அதுதான் டிஜே) திறந்து மின்சாரத்தைத் துண்டிப்பார். வண்டி ஓடிய வேகத்திலேயே உருண்டு கடக்கும். அடுத்த பலகையில் மறுபடி இணைப்பு.

சென்னையில் 1953 வரை ஓடிய டிராமுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. அதன் கம்பியில் ஓடியது நேர்மின்சாரம். ஃபேஸ் என்ற பேச்சே கிடையாது.

நியூட்ரல் செக்‌ஷனை ஏற்றத்திலோ சிக்னலை ஒட்டியோ வைப்பதை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். பான்டோகிராஃப் சரியாக அந்தத் துண்டின்கீழ் வரும்படி வண்டி நின்றுவிட்டால், எத்தனை ஆயிரம் குதிரைசக்தி எஞ்சினும் சும்மாதான். பெரும்பாலும் இன்னொரு எஞ்சின் வந்து நகர்த்த வேண்டியிருக்கும். ஜப்பானின் ஷின்கான்சென் பாதைகளில் தரையிலிருக்கும் சுவிட்சுகளே சுமார் 0.3 நொடியில் ஃபேஸை மாற்றிவிடுகின்றன. அங்கே டிரைவர் எதையும் தொடுவதில்லை.