சுருட்டில் இருப்பது கலவை அல்ல, சேர்மானம்

மச்சினன் துபாயிலிருந்து வந்தால் பேரீச்சம்பழம் வரும், தலைவலித் தைலம் வரும். இந்த முறை ஒரு சின்னப் பெட்டியில் நாலு சுருட்டு வந்தது. திண்டுக்கல் மாவட்டத்து மலையூரான தாண்டிக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பெட்டியோடு இருந்த ஆங்கிலத் துண்டுச்சீட்டைக் கைபேசியில் காட்டித் தமிழாக்கி வாசித்தான்: "தோல் மற்றும் தேவதாரு குறிப்புகளுடன் கூடிய முழு உடல் கலவை."

"என்ன மச்சான் இது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி இருக்கு?"

தோலுக்கும் உடலுக்கும் அப்புறம் வருகிறேன். என்னை உறுத்தியது கடைசிச் சொல். கைபேசியைத் திட்டிப் புண்ணியமில்லை, மனிதர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். காபி பற்றி ஒருவர் எழுதினால் 'காபிக் கலவை', தேயிலை விளம்பரத்தில் 'சிறப்புக் கலவை', போன மாதம் ஒரு வார இதழில் 'சுருட்டுக் கலவைகளின் சுவை ஒப்பீடு'. ஆங்கிலத்தில் பிளெண்ட் என்ற சொல்லைக் கண்டாலே கை தானாகக் கலவை என்று எழுதிவிடுகிறது.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிளெண்ட் என்பது ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியில் இருந்த 'பிளாண்டா' என்ற சொல்லின் வழி ஆங்கிலத்துக்குப் போனது. பொருள், கலப்பது. சுருட்டு நம் சொல். சுருள், சுருட்டு என்ற வேரிலிருந்து பிறந்து, ஐரோப்பியர் வாயில் விழுந்து 'செரூட்' ஆனது. இரு முனையும் திறந்திருப்பதை அவர்கள் செரூட் என்பார்கள், ஒரு முனை மூடியிருந்தால் சிகார். நமக்கு இரண்டும் சுருட்டுதான். நம்மிடம் கடன் வாங்கிப் போனவர்களிடமே போய் 'சிகார்' வாங்கிவருகிற பெருமை எனக்குப் புரிவதில்லை.

"வேர்ச்சொல்லுக்கே கலப்பது என்றுதானே பொருள், பிறகு கலவை என்றால் என்ன தப்பு?" என்று கேட்பார்கள். அந்த நாலில் ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கீறிச் செய்தித்தாள் மேல் பிரித்து வைத்தேன். மச்சினன் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே ஒரே ஒரு இலை, மெல்லியது, எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு. அதற்கடியில் சொரசொரவென்று இன்னொரு இலை, உள்ளே இருப்பதை இறுக்கிக் கட்டுவதற்கு. அதற்கும் உள்ளே நடு நரம்பு உரித்த மூன்று இலைகள், முனையிலிருந்து முனை வரை முழுசாக, விசிறிபோல மடிந்து கிடந்தன. நட்டநடுவில் இருந்தது மற்றதைவிடத் தடிப்பு, கறுப்பு.

கியூபாக்காரர்கள் உள்ளிலைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். செடியின் அடியிலிருந்து பறிப்பது வொலாதோ, சீராக எரிவதற்கு. நடுச்செடியில் பறிப்பது செக்கோ, மணத்துக்கு. உச்சியில் வெயில் குடித்து முற்றியது லிகெரோ, காட்டத்துக்கு. லிகெரோ மெதுவாக எரியும் என்பதால் அதை நடுவில் வைக்கிறார்கள். ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒருபக்கமாக எரிந்துபோகும். ஆக ஒவ்வொரு இலைக்கும் ஓர் இடம், ஒரு வேலை. இதில் எது எதோடு கலந்தது?

கலவை என்றால் நம் ஊரில் என்ன? கொத்தனார் சட்டியில் இருப்பது கலவை. சிமெண்டும் மணலும் தண்ணீரும் சேர்ந்தபின் மணலைத் தனியாக எடுக்க முடியாது. மலையிறங்கினால் பழனிப் பஞ்சாமிர்தம், அதுவும் கலவை. மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலம் எல்லாம் பிசைந்து ஒன்றாகி, ஒரே ருசியாக நாக்கில் இறங்குகிறது. பஞ்சாமிர்தத்தின் மகிமையே அதுதான். சுருட்டின் மகிமை நேரெதிர்: பாதி எரிந்ததும் ருசி மாறும், கடைசி மூன்றில் ஒரு பங்கில் இன்னொரு தடவை மாறும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுருட்டிலேயே கலவை என்று சொல்லத்தக்க ரகம் உண்டு. எந்திரத்தில் செய்கிற மலிவுச் சுருட்டில், வெட்டித் துண்டாக்கிய பல இலைத் தூள்களைக் கொட்டி அடைக்கிறார்கள். அது கலவையேதான். பிரீமியம் என்று விலை வைத்து விற்பதற்கு முதல் அடையாளம், கையால் சுருட்டியது, உள்ளே முழு இலை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், இரண்டாவதற்கு எதற்கு அந்த விலை என்பதே வாசகனுக்கு எட்டாது. பிரீமியத்துக்கு 'உயர்தர' என்று எழுதுவதும் இதே சோம்பல்தான். உயர்தரம் எல்லாப் பொட்டலத்திலும் அச்சாகியிருக்கிறது. 'முழு இலைச் சுருட்டு' என்று எழுதினால் விஷயம் விளங்கிவிடும்.

'கலப்பு' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரே வரி: பக்கத்து வீடுதான் கலப்படம்.

கொஞ்ச காலம் நானே 'கூட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டுப் பெருங்காயம், கூட்டு மருந்து என்று வழக்கம் இருக்கிறது. ஆனால் 'நிகரகுவா சுருட்டின் கூட்டு' என்று எழுதிப் பார்த்தால் பூசணிக்காயும் பாசிப்பருப்பும் கண்முன் வருகின்றன. விட்டுவிட்டேன்.

சரியான சொல் காபி அரைக்கிற கடையில் கிடைத்தது. எங்கள் மலையில் காபி விளைகிறது, ஆகவே குடிப்பதில் நாங்கள் கொஞ்சம் கெடுபிடி. "சிக்கரி சேர்மானம் எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டார் கடைக்காரர். கட்டுமானம், பிடிமானம், செரிமானம் போலச் சேர் என்ற வினையிலிருந்து சேர்மானம். வெறுமனே சேர்ப்பது அல்ல, எதோடு எதை எந்த அளவில் சேர்த்தால் பொருந்தும் என்ற கணக்கு இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. சித்த மருந்துக்கும் சொல்வார்கள், வெற்றிலை பாக்குக்கும் சொல்வார்கள். புதிதாக எவரும் உருவாக்கித் தரவேண்டியதில்லை.

இப்போது அந்தத் 'தோல் குறிப்புகள்'. நோட் என்றால் குறிப்பு என்று பள்ளியில் படித்ததோடு சரி. சுருட்டில் அது சாயல், வாடை. 'பதனிட்ட தோலின் வாசனை' என்று விரித்தாலும் திண்டுக்கல்லில் வேலைக்காகாது, தோல் பதனிடும் ஆலைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் நாங்கள். 'புதுச்செருப்பு வாசனை' என்றால் யாருக்கும் புரியும். தேவதாருவும் தவறு. சுருட்டுப் பெட்டி செய்கிற 'ஸ்பானிஷ் சிடார்', பெயரில்தான் சிடார், உண்மையில் வேப்பங்குடும்பத்து மரம். 'முழு உடல்' என்பதற்குக் காட்டம் என்ற ஒரு சொல் போதும். புகையிலையை வாயில் அடக்குகிற எந்தப் பாட்டியும் சொல்லிக்கொடுத்திருப்பார், மொழிபெயர்க்கிறவர்கள் பாட்டிகளிடம் பேசுவதில்லை.

மிச்சமிருந்த மூன்றில் இரண்டு ஒரே உள்ளிலைச் சேர்மானம், மேலிலை மட்டும் வேறு. இளம்பழுப்பு மேலிலை போட்டதில் பச்சை வைக்கோல், காய்ச்சிய பால், லேசாக வறுத்த முந்திரி. நெடுநாள் புளிக்கவைத்த கருமேலிலை போட்டதில் கருப்பட்டி, காபிக் கசண்டு, தொண்டையில் மிளகு. (புகையை விழுங்கவில்லை. விழுங்காவிட்டாலும் வாய்ப்புற்றுக்கு அது வழிதான், நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.) ஓர் இலையை மாற்றினால் இவ்வளவு மாறுகிறது. அந்த வார இதழ் இந்த மேலிலையை 'உறை' என்று எழுதியிருந்தது! உறை என்றால் கிழித்துப் போடுவது. நம்பி ஒருவர் உரித்துவிட்டுப் பற்றவைத்தால் கையில் மிஞ்சுவது என்ன?

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியோரம் வந்தார். திண்டுக்கல் சுருட்டுக்காரர், அறுபது வருடப் பழக்கம். மூன்றாவதை அவரிடம் நீட்டினேன். வாங்கிக் காதருகே வைத்து விரலால் மெல்ல உருட்டினார், முகர்ந்தார், திருப்பித் தந்துவிட்டார்.

"உள்ள வச்சிருக்கிறது நல்ல சேர்மானம் தம்பி. மேலெலதான் காஞ்சு போச்சு. பொட்டிய மூடி நாலு நாள் வைங்க, அப்புறம் வர்றேன்."