திமிர் இல்லை சார், மனச்சோர்வு

போன வாரம் பிளஸ் ஒன் படிக்கும் பையனோடு அவன் அப்பாவும் அம்மாவும் மனநல மருத்துவரான என்னிடம் வந்தார்கள். அப்பா உட்கார்ந்ததும் பையனின் போனை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "இதுதான் சார் வியாதி. இதை விடச் சொல்லுங்க, போதும்." பையன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி என் மேசைக்கு வரும் போன்களை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எதிர்த்துப் பேசுகிறான், தங்கைமேல் எரிந்து விழுகிறான், குளிப்பதில்லை, விடிய விடிய முழித்துவிட்டு மதியம் வரை தூங்குகிறான், பத்தாவதில் 460 எடுத்தவன் காலாண்டில் வேதியியலில் பெயில். மூன்று மாதமாக இப்படித்தானாம். "சோகமா இருக்கானா?" என்று கேட்டேன். "சோகமா? கொழுப்பு சார்!"

இந்த ஒரு வார்த்தையால்தான் பாதிப் பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழ வேண்டும் என்று யார் சொன்னது? இந்த வயதில் அது பல நேரம் எரிச்சலாகவும் வெளியே வரும். சோகமே தெரியாமல் எரிச்சல் மட்டும் இருந்தாலும் மனச்சோர்வாக இருக்கலாம் என்று எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டு வாரம், அநேகமாக தினமும், பழைய பிள்ளையாக இல்லையென்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். அரையாண்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம்: "ஃபிரெண்ட்ஸ் வந்தா நல்லாத்தானே சிரிக்கிறான்?" சிரிப்பான். சர்க்கரை வியாதிக்காரர் கல்யாண வீட்டில் சிரித்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்றா அர்த்தம்? வெளியே ஒரு மணி நேரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் சரிந்துவிடுகிறது. நீங்கள் பார்ப்பது அந்தச் சரிவை. அதைத்தான் "நம்மகிட்ட மட்டும் நடிக்கிறான்" என்கிறீர்கள். நடிப்பது நண்பர்களிடம், உங்களிடம் இல்லை.

போனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் வராதவன் வேறு எதைப் பார்ப்பான்?

பெண் பிள்ளைகள் பலர் தலைவலி, வயிற்றுவலி என்று நாலு டாக்டரைப் பார்த்து, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று எழுதிய ஃபைலோடு கடைசியில்தான் என்னிடம் வருகிறார்கள். ரத்தசோகையும் தைராய்டும் நானும் பார்ப்பேன். அதோடு தேடலை நிறுத்திவிட மாட்டேன்.

அப்பா வண்டி எடுக்கப் போனபோது அம்மா மட்டும் பின்தங்கினார். "கிரிக்கெட் பேட்டை எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துட்டான் சார். இனி எனக்கு எதுக்குன்னான்." அரை மணி நேரப் புகாரில் வராத செய்தி இது. எனக்கு வேண்டியிருந்ததும் இதுதான். பையனைத் திரும்பக் கூப்பிட்டு, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினான். அப்பாவையும் மேலே வரச் சொன்னேன்.

நீங்களும் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஏற்கெனவே இருப்பதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும். "ஆமாம்" என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், இல்லை பூட்டி வையுங்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ராத்திரி என்றாலும் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு திறந்திருக்கும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

லேசான சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதும். அதிகமாக இருந்தால் மாத்திரையும் சேரும். வேலை செய்யச் சில வாரம் ஆகும். ஆரம்பத்தில் சிலருக்குப் படபடப்பும் சாவு எண்ணமும் கூடலாம், அப்போது உடனே சொல்லுங்கள். இரண்டாம் மாதம் "சரியாயிட்டான்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், ப்ளீஸ். மந்திரிக்கப் போக வேண்டுமா, தாராளமாகப் போங்கள். மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்தப் பையன் வியாழக்கிழமை திரும்ப வருகிறான். பேட்டைத் திருப்பி வாங்கிவிடட்டுமா என்று அம்மா போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். என்றைக்காவது அவனே எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கட்டும்.